ஒரு நிமிஷத்துக்கு என்ன சொல்றது

பொங்கல் ஆறிக்கிட்டே இருக்கு. சாப்பிட்டுக்கிட்டே கேக்கலாம்க்கா, இங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்கன்னு பார்லர் பல்கீஸ் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தா, ஆனா எனக்கு இறங்க மாட்டேங்குது, மொளகு ஒண்ணு பல்லுக்கடியில மாட்டிக்கிட்டிருக்கு, அதக் கடிக்கக்கூட பயமா இருக்கு, அந்தச் சத்தத்துக்கு யாராச்சும் திரும்பி என்னப் பாத்துட்டா. கீழ ஓட்டல், மேல இந்த ஹால், பொறந்தநாளுக்கும் வளைகாப்புக்கும் விடுவாங்க போல, எதிர் செவுத்துல ஏதோ ஒரு கொழந்தையோட பேரு ஜிகினா எழுத்துல பாதி பிஞ்சு தொங்குது. நாலு ரோட்டச் சுத்திக் கடை வெச்சிருக்கறவங்க எல்லாரும் வியாழக்கிழமை காலையில, கடை தொறக்கறதுக்கு முன்னாடி இங்க கூடறாங்க. ஆளுக்கு ஒரு நிமிஷம். எந்திரிச்சு பேரச் சொல்லணும், தொழிலச் சொல்லணும், எந்த மாதிரி வாடிக்கை வேணும்னு கேக்கணும். நிமிஷம் முடிஞ்சதும் கண்ணாடிக் கடை பெஞ்சமின் சார் முன்னால இருக்கற மணிய ஒரு தட்டு தட்டுவாரு. உக்கார்றதுக்கு முன்னாடி அடுத்த வாரமும் வர்றேன்னு சொல்லியே ஆகணும், உடனே எல்லாரும் சேந்து வாங்க, வாங்கன்னு சொல்லிக் கைதட்டணும். சின்னப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல பாட்டுப் படிக்கற மாதிரி பெரிய பெரிய ஆளுங்க சொல்றாங்க, பாக்க ஆசையாத்தான் இருக்கு. ஒரு தொழிலுக்கு ஒருத்தர்தான். என் தொழிலுக்கு இங்க யாரும் கெடையாது, இருக்கவும் மாட்டாங்க. என் சேலையில குத்தியிருக்கற அட்டையில தமயந்தி, வாடகைப் பொருட்கள்னு போட்டிருக்கு. பல்கீஸ் எழுதினது. மொத நாளே பயமுறுத்த வேணாம்க்கா, நீங்களே எந்திரிச்சுப் பக்குவமாச் சொல்லிக்குங்கன்னுட்டா. நாங்க வாடகைக்கு விடறது ஐஸ் பெட்டி. சாவு வீட்டுக்கு.

என்ன பக்குவம் வேண்டிக்கெடக்கு. வணக்கம், என் பேரு தமயந்தி, இது வரைக்கும் சரி. இதுக்கப்புறம்தான் என்ன சொல்றதுன்னு தெரியல. இறுதிச் சேவைன்னு சொல்லுங்கக்கான்னா பல்கீஸ். இறுதிச் சேவைன்னா பஸ்ஸு கடைசி ட்ரிப் மாதிரி இருக்கு. துக்க காரியம்னு சொல்லலாம். கடைசிக் காரியம். அமரர் சேவைன்னு எங்க வீட்டுக்காரரு வண்டியில எழுதி வெச்சிருக்காரு, ஆனா வாயால யாரு அமரர்னு சொல்றா, போஸ்டர்லதான் அமரர். சரி, தொழிலச் சொல்லிட்டேன்னே வெச்சுக்குவோம். அதுக்கப்புறம் எந்த மாதிரி வாடிக்கை வேணும்னு கேக்கணுமே. இப்ப எந்திரிச்சு நிக்கற தையக்கடக்காரம்மா கூசாம கேக்குது, ஆடி முடிஞ்சு ஆவணி வருது, உங்க வீட்ல கல்யாணப் பொண்ணு இருந்தா என்கிட்ட அனுப்புங்கன்னு. நான் என்னத்தக் கேக்கறது. உங்க வீட்ல வயசானவங்க இருந்தா சொல்லுங்கன்னா. கட்டையில போறவளேன்னு பொங்கல் தட்டாலயே அடிப்பாங்க. சிரிப்பு வருது, வாயப் பொத்திக்கிட்டு இருமற மாதிரி பண்றேன். பக்கத்துல உக்காந்திருக்கறவரு தண்ணி டம்ளர நகத்திக் குடுக்கறாரு. தண்ணித் தொட்டி கழுவற காண்ட்ராக்ட் எடுத்திருக்காராம், பேரு நாச்சிமுத்து, அட்டையில போட்டிருக்கு. நல்ல மனுஷன் போல. அவர் குடுத்த டம்ளர நான் வாங்கினதும் வெரல்ல வெரல் பட்டுச்சு. நான் யாருன்னு தெரிஞ்சிருந்தா நகத்தியிருப்பாரான்னு ஒரு நெனப்பு ஓடுது. கருமம், இந்த நெனப்பு எங்க போனாலும் செருப்பு மாதிரி கூடவே வருது.

மணி தட்டியாச்சு. அடுத்த வாரமும் வர்றேன். வாங்க, வாங்க. நானும் கை தட்டறேன், வாய் மட்டும் அசையல. வராம இருந்திருக்கலாம். ஆனா வேற வழி இல்ல. இவரோட முதுக நெனச்சா வந்துதான் ஆகணும். லிஃப்டு இல்லாத மூணாம் மாடிக்குப் பெட்டியத் தூக்கித் தூக்கியே ரெங்கராஜுன்னு ஒரு மனுஷனோட முதுகெலும்பு தேஞ்சுபோச்சு. இன்னொரு தடவ தூக்கினா நிரந்தரமாப் படுத்துக்க வேண்டியதுதான்னு டாக்டர் மொகத்துக்கு நேராச் சொல்லிட்டாரு. தூக்க ஆள் வெக்கலாம். ஆனா ஆள் நிக்க மாட்டேங்கறானுங்க, வேலை இருந்தாத்தானே நிப்பானுங்க, ஒரு வாரம் வேலை இருக்கு, ரெண்டு வாரம் சும்மாக் கெடக்கு, அவனுங்களும் வயித்தக் கழுவணும், வாழைக்கா மண்டிக்கு மூட்டை தூக்கப் போயிடறானுங்க. திடீர்னு போன் வந்தா ஆள் கெடைக்காது. இவரு பெல்ட்ட இறுக்கிக் கட்டிக்கிட்டு சட்டையப் போட ஆரம்பிச்சிடறாரு. போன வாரம் வாசப்படியில குறுக்க உக்காந்துகிட்டு நகர மாட்டேன்னுட்டேன். அங்க ஒருத்தர் காத்துக் கெடக்காரு தமயந்தி, அவரால எந்திரிச்சு வர முடியாதுன்னாரு இவரு. எகத்தாளம் மட்டும் கொறையல. கடைசியில முட்டுச்சந்து இட்லிக்கடை மாஸ்டரக் கூட்டிட்டுப் போனாரு. வேலை ஒழுங்கா வந்தா ரெண்டு ஆளு நம்மகிட்டயே நிப்பாங்க, இவரு வண்டிய ஓட்டிக்கிட்டு முன்னாடி சீட்டுல உக்காந்தாப் போதும். அதுக்குத்தான் இந்த சபை. இங்க இருக்கறவங்க போன்ல எங்க நம்பர் இருந்தா, இவங்க கடைக்கு வர்றவங்க கேட்டாக் குடுப்பாங்க. வேலை ஒழுங்கா வரணும்னா என்ன அர்த்தம், சாவு ஒழுங்கா விழணும்னு அர்த்தம். முருகா, நான் அப்படியா வேண்டிக்கறேன். இல்ல. விழறது எப்படியும் விழுது. விழறப்ப ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கற எவனோ குடுக்கற நம்பருக்குப் போகாம எங்களுக்கு வந்தாப் போதும்னுதான். இதச் சொல்றதுக்கு ஒரு நிமிஷம் எப்படிப் பத்தும்.

எங்க நம்பர யாரும் வெச்சுக்க மாட்டாங்க, அதான் கொடுமை. மளிகைக் கடை நம்பர் இருக்கும், கேஸ் நம்பர் இருக்கும், பத்து வருஷம் முன்னாடி ஒரு தடவ வந்துட்டுப் போன எலக்ட்ரீஷியன் நம்பர்கூட இருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் எங்கள அழிச்சிடுவாங்க. வீட்ல வெச்சிருந்தா ஆகாதுங்கற மாதிரி. தப்புச் சொல்லல, நானா இருந்தாலும் அழிப்பேன். ஆட்டோ ஸ்டாண்டுல இவரு ஸ்டிக்கர் ஒட்டினாரு, மறுநாளே சொரண்டிட்டாங்க, சவாரி விழாதாம். நம்பர்தான் அப்படின்னா என் குரல் அதுக்கு மேல. கல்யாணமாகி வந்ததுலேருந்து போன் எடுக்கறது நான்தான். இவரு எடுத்தா ரேஷன் கடைக்காரன் மாதிரி சொல்லுங்கம்பாரு, அழுதுகிட்டிருக்கறவன் வெச்சிட்டு வேற கடைக்குப் போயிடுவான். இன்னிக்கு அவர்கிட்டதான் போனக் குடுத்துட்டு வந்திருக்கேன், என்ன பேசறாரோ. நான் எடுத்தா மொதல்ல சொல்றது ஒண்ணேதான். பதறாதீங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க. அவங்க குடிக்கற சத்தம் கேக்கும். பொறவுதான் எந்தத் தெரு, எத்தனாவது மாடி, கூடத்துல பிளக்கு எங்க இருக்குன்னு கேப்பேன். இந்த டவுன்ல எத்தன பேரு என் பேச்சக் கேட்டுத் தண்ணி குடிச்சிருக்காங்க. ஒருத்தருக்கும் என் மொகம் தெரியாது. ஒரு நாள் ஜவுளிக் கடையில இந்தக் கலர்ல வேற கரை இருக்கான்னுதான் கேட்டேன், அவ்வளவுதான் கேட்டேன், பக்கத்துல சேலை பாத்துக்கிட்டிருந்த பொண்ணு வெடுக்குனு திரும்பிச்சு. கண்ணு ரொம்பிப் போச்சு. எங்க கேட்ட குரல்னு அதுக்கே தெரியல, ஆனா ஒடம்புக்குத் தெரிஞ்சுபோச்சு. எடுத்த சேலைய அப்படியே போட்டுட்டு எறங்கிப் போயிடுச்சு. அன்னிலேருந்து கடைக்குப் போனா வெரலக் காட்டிடறது. காய்கறிக்காரன் என்னைய ஊமைன்னே நெனச்சுக்கிட்டிருக்கான், கூடக் கொஞ்சம் கறிவேப்பிலை குடுப்பான். இங்கயும் காலையிலேருந்து சிரிச்சுத் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலிக்குது.

அப்புறம் அந்த வார்த்தை. அதுதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம். அடுத்த வாரமும் வர்றேன். சாவு வீட்ல இருந்து கெளம்பறப்ப போயிட்டு வர்றேன்னு யாரும் சொல்றதில்ல, பேசாம எறங்கி நடந்துடணும். வீட்டுக்காரங்களும் வாங்கன்னு சொல்லக் கூடாது. ஒரு நாள் போறவங்களுக்கே அப்படின்னா, அதே பொழப்பா இருக்கற எங்களுக்கு எப்படி இருக்கும். போன்லகூட நான் வர்றோம்னு சொல்ல மாட்டேன். வண்டி கெளம்பிடுச்சும்பேன், ஆள் பக்கத்துல இருக்காங்கம்பேன். நாக்கு அப்படிப் பழகிடுச்சு, இப்பல்லாம் கோயிலுக்குப் போனாலும் சாமிகிட்ட வர்றேன்னு சொல்லாம படியெறங்கிடறேன். எங்களையும் யாரும் வாங்கன்னு சொல்றதில்ல. இவரோட சித்தப்பா மக கல்யாணத்துக்குப் பத்திரிகை கூரியர்ல வந்துச்சு, வீடு அடுத்த தெருவுல இருக்கு, கூரியர்ல வந்துச்சு. அப்புறம் சித்தி போன் பண்ணி, நீங்க அலையணும்னு இல்லம்மா, உங்க மனசு போதும்னாங்க. மனசு போதும். இவரு கல்யாணத்துக்குன்னு சட்டை இஸ்திரி போட்டு வெச்சிருந்தாரு, அத மடிச்சு உள்ள வெச்சாரு. என் கல்யாணத்துக்கப்புறம் நான் மொதப் பந்தியில உக்காந்து சாப்பிட்டது எப்பன்னு யோசிச்சுப் பாக்கறேன். ஞாபகம் வரல.

அட, என்ன இது. யாரு பேசறா. நான் குனிஞ்சு பொங்கல்ல கோடு போட்டுக்கிட்டிருக்கேன், மொகத்தப் பாக்கல, குரல்தான் வருது. அறுநூறு எலையா இருந்தாலும் சரி, ஆறாயிரம் எலையா இருந்தாலும் சரி, கடைசி எலைக்கும் மொத எலையில விழுந்த அதே ரசம் விழும்னு ஒரு குரல். நல்லாத் தடிச்ச குரல், ஆனா ரசம்னு சொல்றப்ப கீழ ஒரு கரகரப்பு. இந்தக் கரகரப்ப எனக்குத் தெரியும். நிமிந்து பாக்கறேன். பெரிய ஒடம்பு, நெத்தியில சந்தனம், சிரிச்ச மொகம். அட்டையில அம்பலவாணன், கேட்டரிங். இந்த ஆளுதானா. இவ்வளவு பெரிய ஆளா. என் காதுல அவரு ஒல்லியா ஒரு ஆளாத்தான் இத்தன நாளா இருந்தாரு, அன்னிக்கு அழுதது அப்படி. உச்சி வேளை, நான் துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன். போன எடுத்ததும் பின்னால நாதஸ்வரம். கல்யாண மண்டபத்துலேருந்து யாரு நமக்குப் பேசறாங்கன்னு தப்பு நம்பர்னு நெனச்சேன். எங்கம்மா போயிட்டாங்கம்மா, வீட்ல தனியா என் பொண்டாட்டி மட்டும்தான் இருக்கா, நான் இங்க பந்தியில நிக்கறேன், எலை போட்டாச்சு, அறுநூறு பேரு உக்காந்துட்டாங்க, இப்ப நான் கரண்டியக் கீழ போட்டா இந்தப் பொண்ணோட கல்யாணமே அபசகுனமாப் போயிடும், யார்கிட்டயும் சொல்ல முடியல, நான் என்ன செய்யட்டும். பெரிய ஆம்பள வாயில துண்ட வெச்சு அடச்சுக்கிட்டு அழுதா எப்படிக் கேக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தண்ணி குடிங்கன்னேன். குடிச்சாரு. அப்புறம் எனக்கு என்ன தோணுச்சோ, பழக்கமெல்லாம் மறந்துபோய், பந்திய முடிச்சிட்டு வாங்க, அது வரைக்கும் அம்மாவ நாங்க பாத்துக்கறோம்னு சொல்லிட்டேன். வாங்கன்னு சொல்லிட்டேன். இவரு போய்ப் பெட்டிய வெச்சிட்டு வெளிய வந்து உக்காரல, அந்த மகன் வர்ற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பெட்டிக் கண்ணாடியத் தொடச்சு விட்டுக்கிட்டிருந்திருக்காரு. நான் ராத்திரி பூரா எதுக்கு அந்த வார்த்தையச் சொன்னோம்னு பொரண்டுகிட்டுக் கெடந்தேன்.

இப்ப நான் வாயத் தொறந்தா அந்த ஆளுக்குத் தெரிஞ்சுபோகும். தெரிஞ்சா, எனக்குத் தெரியும்ங்கறதும் அவருக்குத் தெரிஞ்சுபோகும். பெத்த தாய் செத்துக் கெடக்கறப்ப, தீட்டோட நின்னு கல்யாணச் சாப்பாடு பரிமாறினவருன்னு ஒரு வார்த்தை வெளிய வந்தா, இந்த ஊர்ல அவரக் கூப்பிட்டு யாரு எலை போடச் சொல்வாங்க. நான் சொல்லவே மாட்டேன், செத்தாலும் சொல்ல மாட்டேன். ஆனா அது அவருக்கு எப்படித் தெரியும். இவ எங்க இங்க வந்தான்னு பதற மாட்டாரா. பாவம். அந்த சிரிப்பு அப்படியே அணைஞ்சுபோயிடும். பேசாம எந்திரிச்சு வயிறு சரியில்லன்னு சைகை காட்டிட்டு எறங்கிடலாமா. பல்கீஸ் அந்தப் பக்கம் உக்காந்து கட்டவெரலத் தூக்கிக் காட்டறா, அவளப் பாத்தாப் பாவமா இருக்கு. மொத மொதல்ல என் மொகத்தத் தொட்டு வேலை செஞ்ச கடைக்காரி அவதான். புருவம் எடுத்துக்கிட்டே, நீங்க என்ன வேலைக்கான்னு கேட்டா, சொன்னேன், நூல் ஒரு நொடி நின்னுச்சு, அப்புறம் தலைய இன்னும் கொஞ்சம் சாயுங்கக்கான்னா. எறங்கிப் போனா அவளுக்குத்தான் தலைகுனிவு. எறங்கிப் போனா இவரு பெல்ட்டக் கட்டுவாரு.

அம்பலவாணன் இன்னும் உக்காரல. என்னையா பாக்கறாரு. என்னத்தான் பாக்கறாரு. இங்க இன்னொரு வழக்கம் இருக்கு, பேசறவங்க யாருக்காச்சும் ஒரு வாடிக்கையப் பிடிச்சுக் குடுத்துட்டுத்தான் உக்காரணும், வெறுங்கையோட உக்காந்தா எல்லாரும் கேலி பண்றாங்க. இன்னிக்கு நான் வெறுங்கைன்னு நெனச்சுக்கிட்டுத்தான்யா மாடி ஏறினேன்னு சொல்றாரு. இங்க வந்து பாத்தா புதுசா ஒரு தங்கச்சி வந்திருக்கு, வாடகைப் பொருள். ஆவணியில எங்கக்கா மக கல்யாணம், தாய்மாமன் நான்தான், சேரு, மேசை, பந்தல், பாத்திரம், என்னென்ன வெச்சிருக்கோ பூராவும் தங்கச்சிகிட்டதான் எடுக்கறேன். என்ன ஏதுன்னுகூடக் கேக்கல, பாருங்க. ஹாலே தட்டுது. பெஞ்சமின் சார், வந்த அன்னிக்கே கல்யாண ஆர்டரா, ராசியான கைம்மா உங்களுக்குங்கறாரு. ராசியான கை. என் ஜென்மத்துல யாரும் சொன்னதில்ல. நான் என்ன செய்யணும், எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிடணுமா. பல்கீஸ் மொகம் வெளுத்துப்போச்சு. அம்பலவாணன் அடுத்த வாரமும் வர்றேன்னு சொல்லிட்டு உக்காந்து, எனக்கு நேரா ஒரு தலையாட்டு ஆட்டறாரு, கவலப்படாத, நான் இருக்கேங்கற மாதிரி. ஐயோ, அந்த சந்தோஷம். ஒருத்தருக்குக் குடுக்கறதுல இந்த மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம்.

நாச்சிமுத்து எந்திரிச்சுட்டாரு. அடுத்தது நான். ஒரு வீட்டுத் தொட்டிக்குள்ள எறங்கினா உள்ள என்னென்ன கெடந்துச்சுன்னு சொல்லிக்கிட்டிருக்காரு, ஒரு செருப்பு, கொழந்தையோட கிலுகிலுப்பை, செத்த புறா. எல்லாரும் மொகத்தச் சுளிச்சுச் சிரிக்கறாங்க. செத்த புறான்னு சொன்னா சிரிக்கறாங்க, நான் சொன்னா சிரிப்பாங்களா. வணக்கம், என் பேரு தமயந்தி. துக்கம். காரியம். அமரர். எந்த வார்த்தையும் என் வாய்க்குப் பொருந்தல. அந்த ஆர்டர ஒத்துக்கிட்டு வெளிய போய் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடலாமே. அண்ணே, ஒரு நிமிஷம் இப்படி வாங்கன்னு. அது வரைக்கும் தட்டினது தட்டினதாவே இருக்கட்டும். ஆனா ஆவணிக் கல்யாணத்துக்கு எங்கிட்ட சொல்லியாச்சுங்கற பேச்சு ஒரு நாள் காத்துல நின்னாலும் அந்தப் பொண்ணுக்கு ஆகாது. நாளைக்கு யாராச்சும் சொல்லுவாங்க, ஐஸ் பெட்டிக்காரிக்கிட்டயா கல்யாணத்துக்குச் சொன்னீங்கன்னு. இந்த மனுஷன் தாய்மாமன், தாலிக்கு முன்னாடி நிக்கறவரு, மனசு எவ்வளவு சங்கடப்படும். இப்பவே சொல்லணும், அவரு கைதட்டு வாங்கின எடத்துலயே சொல்லணும். மணி தட்டியாச்சு. வாங்க, வாங்க. நாச்சிமுத்து உக்கார்றாரு. என் நாற்காலி தரையில கிரீச்சுங்குது, நான் எந்திரிச்சுட்டேன் போல.

எல்லா மொகமும் என் பக்கம். வணக்கம் வரல. பேரு வரல. கேட்டரிங்காரரோட சிரிச்ச மொகம் மட்டும் தெரியுது, அது இப்ப ஒடையப் போகுதுன்னு தெரியுது, அதப் பாத்ததும் வாய் அதுபாட்டுக்கு அதுக்குத் தெரிஞ்சதச் சொல்லுது. அண்ணே, பதறாதீங்க. ஒரு வாய் தண்ணி குடிங்க. ரெண்டு மூணு பேரு சிரிக்கறாங்க, வேடிக்கையாப் பேசறேன்னு நெனச்சு. அம்பலவாணன் சிரிக்கல. ஒதடு சிரிச்சபடியே நிக்குது, கண்ணு மட்டும் எங்கயோ போயிடுச்சு. எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். உங்க அக்கா மக கல்யாணத்துக்கு நான் வேணாண்ணே, நல்ல சாமியானாக்காரங்களப் பாத்துக்குங்க, பொண்ணு நல்லாருக்கட்டும். நாங்க வாடகைக்கு விடறது ஐஸ் பெட்டி. சாவு வீட்டுக்கு வெக்கறது. வண்டியும் இருக்கு. எந்த மாதிரி வாடிக்கை வேணும்னு கேக்கச் சொல்றீங்க, அத நான் எப்படிக் கேக்கறது, எனக்குக் கேக்கத் தெரியல. எங்க வீட்டுக்காரருக்கு முதுகு போச்சு, இனிமே அவரு தூக்கக் கூடாது, வேலை இருந்தா ஆள் நிப்பாங்க, அதுக்காக வந்தேன். எங்க நம்பர மட்டும் வெச்சுக்குங்க. கூப்பிடற நாள் உங்க யாருக்கும் வராமலே போகட்டும். வந்துச்சுன்னா எடுக்கறது நான்தான். இவ்வளவுதான் சொன்னேன். மணி தட்டல. பெஞ்சமின் சார் கை மணிக்கு மேல நிக்குது, தட்டலாமா கூடாதான்னு தெரியாம நிக்குது. இப்ப அந்த வார்த்தையச் சொல்லணும். அடுத்த வாரமும். நாக்கு எழும்பல. பேசாம உக்கார்றேன்.

யாரும் வாங்கன்னு சொல்லல. நான் சொல்லாதப்ப அவங்க எப்படிச் சொல்லுவாங்க. சீர்த் தட்டு அலங்காரம் பண்ற அம்மா மேசையில வெச்சிருந்த சாம்பிள் தட்ட மெல்ல தன் பக்கம் இழுத்துக்கறாங்க. தப்பில்ல, அவங்க பொழப்பு அது. கீழ ஓட்டல்ல யாரோ ரெண்டு நெய் ரோஸ்ட்டுன்னு கத்தறான். பல்கீஸ் தலையக் குனிஞ்சுக்கிட்டா. சரி, ஆச்சு, சொல்லியாச்சு, வீட்டுக்குப் போய் இவருகிட்ட எடம் இல்லன்னுட்டாங்கன்னு சொல்லிக்கலாம், அடுத்த போன் வந்தா மறுபடி வாசப்படியில குறுக்க உக்காந்துக்கலாம். நாற்காலி சத்தம் கேக்குது. அம்பலவாணன் எந்திரிச்சு நிக்கறாரு. பெஞ்சமின் சார், உங்க நிமிஷம் முடிஞ்சுதுண்ணேங்கறாரு, பாவம், பழக்கத்துல. தெரியும்யா, கொஞ்சம் இருங்கறாரு அவரு. குரல்ல அந்தக் கரகரப்பு மட்டும்தான் இருக்கு இப்ப. சட்டைப் பையிலேருந்து போன எடுத்து, கண்ணாடிய மாட்டிக்கிட்டு, வெரலால மேல தள்ளித் தள்ளித் தேடறாரு. எவ்வளவு நேரம் தேடறாரு. இருக்குங்கறாரு. யார்கிட்ட சொல்றாருன்னு தெரியல. இருக்கும்மா, அழிக்கல. அழிக்கலாம்னு எத்தனையோ தடவ எடுத்தேன், கை வரல. அப்புறம் எல்லாரையும் பாத்து, எங்கம்மா போனப்ப, நான் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் எங்கம்மாவத் தனியா விடாம பாத்துக்கிட்டவங்கய்யா இவங்கங்கறாரு. எங்க இருந்து போய்ச் சேந்தாருன்னு சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல. என்னைய ஒரு பார்வை பாத்தாரு. நானும் பாத்தேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தப் பந்தி முழுசும் ஒரு தடவ பரிமாறி முடிஞ்சுது.

பெஞ்சமின் சார் தன் போன எடுக்கறாரு. நம்பர் சொல்லுங்கம்மாங்கறாரு. மெதுவாச் சொல்லுங்க, எல்லாரும் எழுதிக்கட்டும். நாச்சிமுத்து எடுக்கறாரு. தையக்கடக்காரம்மா எடுக்கறாங்க. எல்லாரும் எடுக்கல, பாதிப் பேரு எடுக்கறாங்க, தட்டு அலங்காரம் பண்றவங்க எடுக்கல, அது போதும், ரொம்பப் போதும். நான் நம்பரச் சொல்றேன், குரல் நடுங்குது, போன்ல ஒரு நாளும் இப்படி நடுங்கினதில்ல. பல்கீஸ் மூக்க உறிஞ்சறா, கண்ணு மை வழிஞ்சு அலங்கோலமா இருக்கு, பியூட்டி பார்லர் வெச்சிருக்கறவ. அம்பலவாணன் இன்னும் உக்காரல. கல்யாணத்துக்குப் பொருள் வேணாம்னுட்டீங்க, சரி, அது தொழில், விடுங்கங்கறாரு. நீங்க வாங்க. பத்திரிகை நானே வீட்டுக்கு வந்து, தட்டுல வெச்சுக் குடுக்கறேன். உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க. மொதப் பந்தியில உக்காரணும், நான்தான் பரிமாறுவேன். பொங்கல் தட்டு கலங்கித் தெரியுது. எல்லாரும் நான் ஏதாச்சும் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருக்காங்க. இவரு மடிச்சு உள்ள வெச்ச அந்தச் சட்டை எங்க இருக்குன்னு யோசிக்கறேன், பீரோவுல கீழ் தட்டுல, போர்வைக்கு அடியில. மறுபடி இஸ்திரி போட்டாச் சரியாப் போகும். வாயத் தொறக்கறேன், பழகாத வார்த்தை, பல்லுல தட்டித் தட்டித்தான் வெளிய வருது.

வர்றேண்ணே.